மூன்று தட்டு

சோறு வெந்திருக்குமா என்பதுதான் கயத்தானுக்கு முதலில் வந்த கவலை. உலை கொதித்ததும் அரிசியைக் களைந்து போட்டு, மூடியைச் சரித்து வைத்துவிட்டு, கையில் கரண்டியோடு நாலு வெங்காயம் எடுத்து வருவோம் என்று கீழே சாமான் அறைக்கு இறங்கினார், அதற்குள் டக்கு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது, சாய்ந்தது நிமிரும் என்று கப்பலில் வேலை பார்க்கிற எவனும் நினைப்பதைப் போல அவரும் நினைத்து, நிமிரட்டும் என்று வெங்காயச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது நிமிரவில்லை, சாய்ந்தது சாய்ந்தபடியே போய்க் குப்புறக் கவிழ்ந்து, கவிழ்ந்தபடியே அடிமணலுக்குப் போய்ச் சேர்ந்தது. கல் ஏற்றிய மிதவைகளைக் கம்பி கட்டி இழுக்கிற குட்டிக் கப்பல் அது, தூத்துக்குடியில் எல்லாருக்கும் அது டக்குதான், கம்பி பின்பக்கம் இருக்கிறவரைக்கும் யானை மாதிரிப் போகும், பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் இழுத்த சாமானே அதைக் காலை வாரிவிடும், இது தெரியாதவன் துறைமுகத்தில் ஒருத்தனும் இல்லை, தெரிந்தும் இன்றைக்கு வாரிவிட்டுவிட்டது. இப்போது தரை தலைக்கு மேலே, கூரை காலுக்குக் கீழே. தண்ணீர் கழுத்துவரைக்கும் வந்து, என்ன நினைத்ததோ, நின்றுவிட்டது. மேலே ஒரு முழம் காற்று. அரிசி மூட்டைகள் கீழே கிடந்ததால் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தார், மார்புவரைக்கும் தண்ணீர், தலை தரையில் முட்டியது, தலை தரையில் முட்டுகிற மனுசன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன் என்று தோன்றி, அந்த இருட்டிலும் சிரிப்பு வந்தது, சிரித்த சத்தம் இரும்பில் பட்டு வேறு யாரோ சிரித்ததுபோலத் திரும்பி வந்ததும் வாயை மூடிக்கொண்டார். பொன்னி அரிசி. ரெண்டு கொதி வந்திருந்தால் பாதி வெந்திருக்கும். பாதி வெந்த சோற்றைப்போல ஒரு அநியாயம் உண்டா, மாட்டுக்கும் போட முடியாது, மனுசனுக்கும் போட முடியாது.

மற்றவர்கள் தப்பித்திருப்பார்கள். மேல்தட்டில்தான் எல்லோரும் நின்றார்கள், அவரே கையால் ஆளுக்கு ஒரு தம்ளர் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் அடுப்புக்கு வந்தார், குதித்திருப்பார்கள், நீந்தத் தெரியாதவன் அதில் யாரும் கிடையாது, பின்னால் வந்த படகு பொறுக்கியிருக்கும், டீத் தம்ளர் மட்டும் போயிருக்கும். அதை நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, நிம்மதி வந்த கையோடு, அப்படியானால் நான் செத்துவிட்டதாகத்தானே கரையில் சொல்லியிருப்பார்கள் என்பதும் வந்தது. முகத்தில் ஏதோ மெதுவாக இடித்தது. விலக்கினார், திரும்ப வந்து இடித்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் பத்துப் பதினைந்து, சுற்றிலும் உருண்டை உருண்டையாக, சின்னச் சின்னத் தலைகள் மாதிரி. பிறகு வாசனை வந்தது, டீசல் நாற்றத்தையும் மீறி. வெங்காயம். சாக்கு அவிழ்ந்து அத்தனை வெங்காயமும் மிதக்கிறது. ஒன்றைப் பிடித்துத் தோலோடு கடித்தார், கண் எரிந்தது, எரிந்ததும் கண் இருக்கிறது என்று தெரிந்தது. இந்த இருட்டில் கண் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அதைவிட்டால் வேறு அத்தாட்சி கிடையாது. பெண்டாட்டி சலேத் வெங்காயம் உரிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள், அழுகிறாளா உரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது, கேட்டால் உங்களுக்கு எது சௌகரியமோ அதை நினைச்சுக்கோங்க என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வலைக் கம்பெனியில் வேலை பார்த்தாள், வேலை விட்டு வருகிற வழியில் அவர் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார், அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள், முந்திரியும் முட்டையும் கரைந்துபோய், இது என்ன, வாயிலே போட்டா காணாமப் போவுது, உங்க பேச்சு மாதிரி, என்றாள். அவர் அளப்பு அப்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்க வந்தவர்களில் பெரிய மேளக்காரன் சாராயத்தைப் போட்டுவிட்டு வந்து, ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால், மாதா கோவில் வாசல்வரைக்கும் நொண்டிக்கொண்டே அடித்தான், முக்காட்டுக்குள்ளே அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று அத்தைமார்கள் தேற்றினார்கள், அவளோ சிரிப்பை அடக்க மாட்டாமல் அவர் சட்டைக் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அந்தக் கிள்ளு இன்னும் முழங்கைக்கு மேலே அதே இடத்தில் இருக்கிறது. குளிரில் கை மரத்துப்போயும் அந்த இடம் மட்டும் மரக்கவில்லை என்று சொன்னால் எவன் நம்புவான்.

எவன் நம்புவான் என்றதும் கடற்கரைச் சாலை டீக்கடை வந்தது. சாயங்காலம் மீன் ஏலம் முடிந்து ஆள்கள் காலை நீட்டுகிற நேரம், மர பெஞ்சு, கண்ணாடித் தம்ளர், உப்புக் காற்றில் எப்போதும் பிசுபிசுக்கிற மேசை, அந்த மேசைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கயத்தான் ஆரம்பிப்பார். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரிக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்த கதை, அவள் மூன்று நாள் பேச முடியாமல் கிடந்து நான்காவது நாள் தமிழில் பேசிய கதை. மாலத்தீவுக்குப் போகிற வழியில் காற்றே இல்லாமல் நின்றுபோன தோணியை ஒரு சுறா தள்ளிக்கொண்டுபோய்க் கரை சேர்த்த கதை. ராயப்பன் என்று ஒரு சங்கு குளிக்கிறவன், நல்ல பையன், தண்ணீருக்குள் பாறையைப் பெயர்க்கிற தோள், மேலே வந்தால் பூனைக்குட்டி, அவன் டீயை ஆறவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்பான், பெறவு என்னாச்சு மாமா, பெறவு என்னாச்சு மாமா என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முட்டுக் கொடுப்பான். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான் லொயோலா. அவனும் சங்குக்காரன்தான், ராயப்பனுக்குக் கூட்டாளி, ஒரே கயிற்றில் இறங்குகிறவர்கள், ஆனால் வாய் விஷம். கதை முடிகிற இடம் பார்த்துத் தம்ளரை டொக்கென்று வைப்பான். மாமா, சுறா தள்ளும்போது ரிவர்ஸ் கியர் இருந்துச்சா, என்பான். மாமா, அந்த வெள்ளைக்காரி இப்ப எந்தத் தெருவுல இருக்கா, ரேஷன் கார்டு வாங்கியாச்சா, என்பான். கடையே சிரிக்கும். கயத்தானும் சிரிப்பார், உள்ளுக்குள் அவனைக் கரண்டியால் சாத்துவார். எத்தனை வருஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்தப் பயல் இருக்கலாம் மாமா என்று சொல்லியிருந்தால் போதும், அடுத்த ஈஸ்டருக்கு அவன் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்து அனுப்பியிருப்பார். இப்போது அந்த டொக் சத்தம் கேட்டால்கூடத் தேவலை. கடை மேசையின் பிசுபிசுப்பைத் தேடிக் கை தானாக நீண்டது, தண்ணீரில் அளைந்தது, வெங்காயம்தான் அகப்பட்டது.

மூச்சு முன்னைப்போல இல்லை. இழுத்தால் பாதிதான் வருகிறது, நெற்றிப் பொட்டில் யாரோ உட்கார்ந்து அம்மி அரைக்கிறார்கள். எத்தனை நேரம் ஆகிறது, ராத்திரியா பகலா, தெரியவில்லை, மூன்று முறை தூங்கி மூன்று முறையும் வாயில் தண்ணீர் போய் விழித்தார். இரும்பு சும்மா இருப்பதில்லை, முனகுகிறது, எங்கேயோ ஒரு தகடு வயிறு வலிக்கிற பிள்ளை மாதிரி நெளிகிறது, சின்ன மீன்கள் வந்து கால் ஆடுசதையைக் கொத்தி ருசி பார்த்துவிட்டுப் போகின்றன, போங்கடா, ஆயுசு பூராவும் உங்களை வறுத்தவன் நான், கணக்குத் தீர்க்க வந்திருக்கிறீர்களா என்று வாய்விட்டுச் சொன்னார், சொன்னதில் மூச்சு வீணானது. எட்டுப் பாகம், எட்டு ஆள் உயரம், ஆழம் இருக்குமா. இந்தக் கடலில் எட்டுப் பாகம் சங்குக்காரனுக்கு வீட்டு முற்றம். பிணத்தை எடுக்க அவர்களைத்தான் கூப்பிடுவார்கள், எப்போதும் அப்படித்தான், ஊர்ப் பிணத்தை ஊரான்தான் எடுப்பான், தொடுவதற்கு முன்னால் மாமா, வாங்க வீட்டுக்குப் போவோம் என்று மனசுக்குள் முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் கையில் கயிறு கட்டுவான். இதை நினைத்துக்கொண்டிருந்தபோதே வெளியே சத்தம். முதலில் அதுவும் இரும்பின் முனகல் என்று இருந்தார். இல்லை. புளுக் புளுக்கென்று மூச்சு விடுகிற சத்தம், குமிழி ஏறுகிற சத்தம், தகட்டில் ஏதோ உரசுகிறது, சுவருக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில், ஆள். ஒரு ஆள் இல்லை, ரெண்டு ஆள். வாய் கத்தியது, கத்தினால் தண்ணீருக்குள் கேட்காது என்று புத்தி சொல்வதற்குள் கை கரண்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தது. டொம். டொம். டொம். நிதானமாக, இடைவெளி விட்டு. வெளியே உரசல் நின்றது. கயத்தான் காதைச் சுவரில் வைத்தார். மறுபடி அடித்தார். டொம். டொம். டொம். அவ்வளவுதான், வெளியே தடதடவென்று ஒரு கலவரம், தகட்டில் காலால் உதைக்கிற சத்தம், குமிழிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே, மேலே, அப்புறம் ஒன்றும் இல்லை.

ஏன் ஓடினார்கள். கரண்டியைப் பிடித்தபடி அவர் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரைத் தடவினார். டொம், டொம், டொம் என்று தனக்குள்ளே சொல்லிப் பார்த்தார். அந்த இடைவெளி. அந்த நிதானம். அது அவருக்குத் தெரிந்த சத்தம், கை பழகிய சத்தம், டீக்கடை மேசையில் எத்தனை நூறு தடவை முட்டியால் தட்டிக் காட்டியிருக்கிறார், அப்போதுதான் விளங்கியது. அவருடைய கதைகளிலேயே அதுதான் பெரிய கதை. கொழும்புக்கு அந்தப் பக்கம் மூழ்கிப்போன ஒரு கப்பல், அதில் இறங்கிய ரெண்டு பேர், உள்ளே இருந்து யாரோ தட்டுகிறான், மூன்று தட்டு, நிதானமாக, செத்தவன் எப்போதும் மூன்றுதான் தட்டுவான், அவனுக்கு அவசரம் கிடையாது, கேட்டுவிட்டுப் பதில் தட்டினால் போச்சு, பதில் தட்டினவனைக் கீழே நிறுத்திவிட்டு அவனுக்குப் பதிலாகச் செத்தவன் மேலே வந்து படகில் ஏறி உட்கார்ந்துகொள்வான், ஈர வேட்டியைப் பிழிவான், பசிக்குது என்பான். அந்த இடத்தில் ராயப்பன் கழுத்தில் கிடக்கிற சிலுவையைப் பிடித்துக்கொள்வான். கதை வீட்டுக்கு வீடு போய், படகுக்குப் படகு போய், இப்போது சங்குக்காரர்களுக்கு அது சட்டம், மூழ்கின கப்பலில் தட்டுச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் மேலே வந்துவிட வேண்டும், யார் போட்ட சட்டம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது, பெரியவங்க சொல்லியிருக்காங்க என்பார்கள். அந்தப் பெரியவங்க இங்கே வெங்காயத்தோடு உட்கார்ந்திருக்கிறாங்க. அந்தக் கப்பலுக்கு என்ன பெயர் வைத்தோம்? ஏதோ ஒரு பெண் பெயர். மரியா என்று முடியும். இல்லை, அது தோணி. பெயர் நாக்கு நுனிவரைக்கும் வந்து திரும்பிப் போனது, இல்லாத கப்பலின் பெயரை மறந்ததற்கு இத்தனை வேதனையா, ஆனால் மனசு அதைவிட்டு நகர மாட்டேன் என்றது, ஸ்டெல்லா, ஏஞ்சலா, விக்டோரியா, ஈயைப்போல அதையே சுற்றிச் சுற்றி வந்தது. அத்தனை தடவை சொல்லியும், உள்ளே இருந்து தட்டுகிறவன் யார், அவனுக்குக் குளிருமா, ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வான், பெண்டாட்டி வெங்காயம் உரிக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி உட்காருவாள், ஒரு நாளாவது யோசித்தோமா. எப்போதும் சுவருக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டோம்.

திரும்ப வர மாட்டார்கள். வந்தாலும் நாளைக்கு, பூசை வைத்துவிட்டு, சாமியாரிடம் தீர்த்தம் வாங்கிக்கொண்டு, அதுவரைக்கும் இந்தக் காற்று தாங்காது. கரண்டியைத் தண்ணீரில் விட்டுவிடலாம் என்று இருந்தது, விரல் விடவில்லை. செத்தவன் என்ன செய்வான் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தாயே, செத்தவன் என்ன செய்ய மாட்டான், அதைச் சொல்லு கயத்தான். நிதானமாக இருப்பான். தப்பாகத் தட்ட மாட்டான். தாளம் பிசக மாட்டான். தாளம் பிசகுகிறவன் உயிரோடு இருக்கிறவன்தான், அதுவும் சாராயம் போட்டவன். கயத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார், பெரிய மேளம், ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால், தெருமுனையில் திரும்பும்போது ரெண்டு அடியை மொத்தமாக விட்டுவிட்டு அப்புறம் ஓடிவந்து பிடிக்கிற அந்த நொண்டித் தாளம், கோவில் வாசல்வரைக்கும். முக்காட்டுக்குள்ளே தோள் குலுங்குகிறது. அத்தைமார்கள் தேற்றுகிறார்கள். முழங்கைக்கு மேலே கிள்ளு. அடித்து, மூச்சு வாங்கி, அடித்து, மூச்சு வாங்கி, எத்தனை தடவை ஊர்வலம் போய் வந்தாரோ, கை போனது, தோள் போனது, தண்ணீர் பச்சையாக ஆனது. பச்சையா? காலுக்குக் கீழே, ஏணி இருந்த ஓட்டையில், ஒரு வெளிச்சம் பச்சையாக ஆடிக்கொண்டே ஏறி வந்து, கண்ணைக் குத்தி, வெங்காயங்களை விலக்கிக்கொண்டு ஒரு கறுப்பு ரப்பர்த் தலை மேலே வந்தது, வாயிலிருந்த குழாயைப் பிடுங்கியது.

"இம்புட்டுக் கேவலமா எந்தப் பேயும் தாளம் போடாது. நீருதானா மாமா?"

லொயோலா. அத்தனை பேரையும் விட்டு லொயோலா. கயத்தான் அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார், மூக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"மூக்க விடும். மேல எல்லாரும் தப்பிச்சாச்சு, நீரு ஒருத்தர்தான் பாக்கி."

"ரெண்டு பேரு வந்தீகளேல. அவன் எங்க?"

"ராயப்பனா? மூணு தட்டுக் கேட்டதும் கயித்த விட்டுட்டு மேல போயிட்டான். நான் பின்னாலயே போயி, வாலே, கீழ போவோம்னு மல்லுக்கு நின்னேன், வரமாட்டேன்னுட்டான். பதில் தட்டினா ஆள் மாறிருமாமே."

"உனக்குப் பயமில்லயா?"

லொயோலா விளக்கை அவர் முகத்திலிருந்து தாழ்த்தினான். "உம்ம வாயில இருந்து வந்த ஒரு சொல்லயாவது நான் நம்பிருக்கேனா மாமா? ராயப்பன் சொன்னான், செத்தவன் மூணுதான் தட்டுவான், அது செத்தவன்தான்னு. கயத்தான் மாமா சொன்னதுனா அது பொய்யி, அப்ப உள்ள இருக்கது உசுருதான்னு நான் நினைச்சேன்."

எத்தனையோ வருஷம் கரண்டியால் சாத்திய முகம், ஈரத்தில் மினுங்கிக்கொண்டு, பல் வரிசையில் ஒன்று சொத்தை, இவ்வளவு பக்கத்தில் இதுவரை பார்த்ததே இல்லை. கயத்தான் அந்தத் தலையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவன் தலையை விடுவித்துக்கொண்டு, சரி சரி, வெங்காய நாத்தம், என்றான்.

இன்னொரு வாய்க்குழாயை எடுத்து அவர் பல்லுக்கு நடுவில் வைத்தான். மெதுவாக இழுக்கணும், மெதுவாக விடணும், பாதி தூரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்கணும், அவசரப்பட்டு ஏறினால் கைகால் இழுத்துக்கும், எங்க அப்பா அப்படித்தான் கிடந்தாரு, தெரியும்ல, வாயைத் திறந்து பேசினீரு, செத்தீரு. கயத்தான் தலையை ஆட்டினார். ஏணி ஓட்டை, கவிழ்ந்த அடுப்படி, அப்புறம் வெளியே, மணல், குப்புறக் கிடக்கிற டக்கின் வயிறு, அப்புறம் கயிறு. நின்றார்கள். நீலம் மேலே போகப்போக வெளுத்தது. பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை, நெஞ்சுக்குள் கதை பொங்கிக்கொண்டு வந்தது, பச்சை வெளிச்சம், ரப்பர்த் தலை, கூடவே ஒரு சுறாவும் எங்கிருந்தோ வந்து சேர்ந்து அரிசி மூட்டையைச் சுற்ற ஆரம்பித்தது, போ என்று விரட்டினார், போனது, திரும்பி வந்தது. லொயோலா எதிரே தொங்கிக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தான், என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொண்டவன்போல ஒரு விரலை ஆட்டினான். அப்புறம் வா என்று சைகை காட்டி, அவர் இடுப்பைப் பிடித்துக் கீழேயிருந்து தள்ளினான்.

அதனால் அவர் தலைதான் முதலில் மேலே வந்தது. வெயில் முகத்தில் அறைந்தது, சத்தம் அறைந்தது, காற்று உப்பும் டீசலும் பீடியும் கலந்து மூக்கில் ஏறியது, படகு ஓரத்தில் வரிசையாக நின்றவர்கள் ஒரே சமயத்தில் பின்னால் போய் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்கள், படகு சாய்ந்தது. ஒருத்தன் மட்டும் போகவில்லை. ராயப்பன். முட்டி போட்டு, கழுத்துச் சிலுவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் ரத்தமே இல்லாமல் இருந்தான். கயத்தான் வாய்க்குழாயைத் துப்பிவிட்டுப் பேசப் பார்த்தார், காற்றுத்தான் வந்தது.

"மாமா," என்றான் ராயப்பன். "லொயோலாவ விட்டுருங்க மாமா. அவனுக்குப் பொட்டப்புள்ள இருக்கு. அவன கீழ நிறுத்தாதீங்க. நீங்களும் வாங்க, வேண்டாம்னு சொல்லல, அவனயும் விட்டுட்டு வாங்க."

பின்னால் யாரோ, தொடாதல, தொடாதல, என்று கத்தினார்கள். ராயப்பன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். மூடியபடியே படகின் ஓரத்தில் குனிந்து, செத்தவனுக்கு என்றே நினைத்துக் கையை நீட்டினான். கயத்தான் பிடித்தார். ராயப்பன் கண்ணைத் திறக்காமலே இழுத்தான், பிடி தளரவே இல்லை.